அப்பாவின் பேனாக்கத்தியும் என் கட்டைவிரலும்



பங்குனித் திருவிழா சமயத்தில் பேத்தி போட்ட படத்தில் என் இடது கட்டைவிரலில் கட்டு இருந்ததைப் பார்த்துவிட்டு, இதுவரை நாற்பது பேராவது விசாரித்திருப்பீர்கள். ஒவ்வொருவருக்கும் ‘சின்னக் காயம்தான், ஆறிக்கொண்டிருக்கிறது’ என்று பதில் போட்டேன். அது உண்மைதான், ஆனால் முழுக்கதை அல்ல. “எல்லாரும் ஏதோ பெரிய வியாதின்னு நினைச்சுக்கப் போறாங்க, நடந்ததை எழுதிடுங்க” என்று வீட்டம்மா சொல்லிவிட்டாள். எழுதுகிறேன். நீளமாகத்தான் வரும். என் நாற்பத்தைந்து நிமிடப் பீரியடில் உட்கார்ந்து எழுந்தவர்களுக்கு அது புதிதல்ல.

அந்தப் பேனாக்கத்தியை உங்களில் பலருக்கு நினைவிருக்கும். மஞ்சளேறிய எலும்புப் பிடி, அதில் நீளவாக்கில் ஒரு கீறல், நகத்தை நுழைத்துத் திறக்கிற ஒரே அலகு. மேசையின் இடது மூலையில், சாக்பீஸ் டப்பாவுக்குப் பக்கத்தில் இருக்கும். நான் தாவரவியல் எடுத்தவன். ரெக்கார்டு நோட்டில் படம் வரைகிறவன் பென்சிலைக் கத்தியால்தான் சீவ வேண்டும் என்பது என் வகுப்புச் சட்டம். ஷார்ப்னரில் சீவினால் ஈயம் குட்டையாகத்தான் வெளியே வரும், இரண்டு கோடு போட்டதும் மழுங்கிவிடும். கத்தியால் சீவினால் நீளமாக விடலாம். பையன்கள் சவர பிளேடைப் பாதியாக உடைத்துக் காகிதத்தில் சுற்றி எடுத்துவருவார்கள். அதைத் தடுக்கத்தான் என் கத்தியையே மேசைமேல் வைத்தேன். ஆள் ஆளாக வந்து என் முன்னால் சீவிக்கொண்டு போகலாம். இன்றைக்கு ஒரு ஆசிரியர் அப்படி வைத்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பார்க்கவே பயமாக இருக்கிறது.

அதன் முனை 1991-இல் உடைந்தது. நான் யாரையும் கேட்கவில்லை. போன வருடம் வெளிநாட்டிலிருந்து ஒருவர் நள்ளிரவில் செய்தி அனுப்பினார்: “சார், அந்த முனையை உடைச்சது நான்தான். டெஸ்க்குல பேர் செதுக்கினேன்.” அப்பா, எனக்கு அன்றைக்கே தெரியும். டெஸ்க்கில் உன் பேர்தானே இருந்தது!

கத்தி என் அப்பாவுடையது. அப்பா ஜார்ஜ் டவுனில் ஒரு அச்சகத்தில் பிழை திருத்துபவர். 1957-இல் மூர் மார்க்கெட்டில், பழைய சாமான் கடையில் வாங்கினார். 1985-இல் அந்த மார்க்கெட் எரிந்துபோனபோது அவர் முதலில் சொன்னது, “என் கத்தி வாங்கின இடம் போச்சு” என்பதுதான். அலகின் அடியில் ஷெஃபீல்ட் என்ற எழுத்துகள் இருந்தன. இப்போது தடவினால் தெரியும், பார்த்தால் தெரியாது. 1973-இல் எனக்கு ஆசிரியர் வேலை கிடைத்த அன்று, எதுவும் பேசாமல் என் சட்டைப் பையில் போட்டார்.

வாங்கிய அன்றே அப்பா அதை வரவு செலவு நோட்டின் கடைசிப் பக்கத்தில் வைத்து, சுற்றிப் பென்சிலால் கோடு போட்டிருக்கிறார். பிழை திருத்துகிறவர் புத்தி. எதையும் முதலில் இருந்த நிலையில் பதிவு செய்துவிட வேண்டும். அந்தப் படத்தில் அலகின் அகலம் 13 மில்லிமீட்டர். எனக்குக் கொடுத்தபோது இன்னொரு கோடு போட்டார், அது 12. அதாவது பதினாறு வருடம் தினமும் பென்சில் சீவி, காகிதம் அறுத்து, ஒரு மில்லிமீட்டர்தான் தேய்த்திருக்கிறார். இன்றைக்கு அது 8. இந்தக் கணக்கில்தான் என் குற்றம் ஒன்று இருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

கத்தியை எப்போது தீட்டுவது என்பதற்கு அப்பா வைத்திருந்தது ஒரே வழக்கம். ஆயுதபூஜைக்கு முதல் நாள் மாலை. வருடத்துக்கு ஒரு முறை, கல்லில் தீட்டி, துடைத்து, எண்ணெய் பூசி, மறுநாள் சந்தனம் குங்குமம் வைத்து சுவாமி முன்னால். அன்றைக்குத் தொடக்கூடாது. நடுவில் கூர் குறைந்தால் செருப்பின் தோலில் நாலு இழுப்பு, அவ்வளவுதான். தீட்டும் ஒவ்வொரு முறையும் கத்தி கொஞ்சம் செலவாகிறது என்பது அவர் கட்சி. நானும் அதையே கடைப்பிடித்தேன்.

போன ஆயுதபூஜைக்கு முதல் நாளும் கல்லை எடுத்தேன். இரண்டு வருடமாக எனக்கு வலது கை நடுங்குகிறது. அடையாறில் நரம்பு டாக்டரிடம் காட்டினோம். பயப்படுகிற வியாதி எதுவும் இல்லை, வயதின் நடுக்கம் என்றார். காபி டம்ளரை முக்கால்தான் நிரப்பச் சொல்லுவேன், கையெழுத்து கொஞ்சம் கோணும், மற்றபடி ஒன்றுமில்லை என்று நானும் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆனால் சாணைக்கல்லில் அலகை வைத்தபோது தெரிந்துவிட்டது. தீட்டுவதில் பலம் முக்கியமில்லை, கோணம்தான் முக்கியம். சாய்வு ஒரே மாதிரி நிற்க வேண்டும். எனக்கு ஒவ்வொரு இழுப்பிலும் சாய்வு மாறியது. கர் கர் என்று சத்தமே ஒழுங்காக வரவில்லை. ஐந்தாறு இழுப்பில் நிறுத்தினேன். துடைத்தேன், எண்ணெய் போட்டேன், மறுநாள் சந்தனம் குங்குமம் வைத்தேன். “தீட்டிட்டீங்களா?” என்று கேட்டாள். “ஆச்சு” என்றேன்.

ஐம்பது வருடத்தில் அவளிடம் சொன்ன பொய்களை எண்ணினால் ஒரு கை விரல்களுக்குள் அடங்கும். இது அதில் ஒன்று.

அதன்பின் ஆறு மாதம் மழுங்கிய கத்தியை வைத்து ஒப்பேற்றினேன். மழுங்கியது எனக்குத் தெரியாமல் இல்லை. கத்தி தானே சொல்லும். பென்சில் சீவினால் சீவல் சுருள் சுருளாக நீளமாக விழ வேண்டும், தூள் தூளாக விழுந்தால் கூர் போய்விட்டது. தக்காளித் தோலில் வைத்தால் இறங்காமல் அழுந்தும். எல்லாவற்றையும்விட எளிய வழி, விளக்குக்கு நேராக விளிம்பை மேலே பார்க்கப் பிடித்துப் பார்ப்பது. நல்ல கூரில் ஒன்றுமே தெரியாது, ஏனென்றால் வெளிச்சம் பட்டுத் திரும்ப அங்கே இடமே இல்லை. மழுங்கிய இடத்தில் வெள்ளி நூல் மாதிரி ஒரு கோடு மின்னும். என் கத்தியில் அடியிலிருந்து நுனிவரை மின்னியது. அடுத்த ஆயுதபூஜைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளினேன். அப்பாவின் வழக்கம் எனக்கு நல்ல சாக்காகக் கிடைத்தது.

இப்போது மாங்காய். வீட்டம்மாவுக்குப் பற்கள் எல்லாம் எடுத்தாயிற்று. பல் செட் ஒத்துக்கொள்ளவில்லை, டப்பாவில் கிடக்கிறது. ஆனால் கிளிமூக்கு மாங்காய் ஆசை மட்டும் போகவில்லை. கல்யாணமான புதிதில் மெரினாவில் உப்பும் மிளகாய்த்தூளும் போட்டுத் தின்ற மாங்காய். காகிதம் மாதிரி மெல்லிசாகச் சீவிக் கொடுத்தால், உப்பில் கொஞ்சம் ஊறியதும் ஈறிலேயே ஒதுக்கி மென்றுவிடுவாள். தெற்கு மாடவீதிக் கடைகளில் பங்குனி பிறந்தாலே மாங்காய் குவிந்துவிடும். சாயங்காலம் ஒரு மாங்காய், நான் சீவ அவள் சாப்பிட, டி.வி.யில் செய்தி. சமையலறையில் வேறு கத்திகள் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கின்றன. பல்லு வைத்த பிளாஸ்டிக் பிடிக் கத்திகள், மகள் வாங்கிவைத்தவை. அவற்றிலும் சீவலாம்தான். ஆனால் என் கைக்கு இதுதான் பழக்கம், அவள் கண்ணுக்கும் இதுதான் பழக்கம்.

அறுபத்துமூவர் அன்று மாலை, மாங்காயின் தோலில் கத்தி இறங்கவில்லை. அழுத்தினேன். வழுக்கியது. இடது கட்டைவிரல்.

அன்றைக்கு மயிலாப்பூரில் ஆட்டோவா கிடைக்கும்? மாடவீதி நான்கும் ஜனம். போதாக்குறைக்கு லஸ் பக்கம் மெட்ரோ வேலைக்காக அடைத்து வைத்திருக்கிறார்கள். கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டு, கையைத் தூக்கிப் பிடித்தபடி கூட்டத்தில் நடந்தேன். வழியில் தண்ணீர்ப்பந்தல்காரர்கள், “பெரியவரே, மோர் சாப்பிடுங்க” என்று மூன்று இடத்தில் டம்ளரை நீட்டினார்கள். ஒரு இடத்தில் வாங்கிக் குடித்தேன். டாக்டரம்மா மூன்று தையல் போட்டார், டி.டி. ஊசி போட்டார். “கூர்க் கத்தி வெட்டினா கோடு மாதிரி இருக்கும் சார், இது கிழிச்சிருக்கு. மொண்ணைக் கத்தியா?” என்றார். என் மாணவிகள் யாரும் இவ்வளவு சரியாக என்னிடம் பதில் சொன்னதில்லை.

மறுநாள் மகள் வந்தாள். ஒன்றும் திட்டவில்லை. கத்தியை ஒரு துணியில் சுற்றிக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு அடையாறுக்குப் போய்விட்டாள். அது திட்டுவதைவிடக் கஷ்டமாக இருந்தது.

தையல் பிரிக்கும்வரை யோசித்தேன். சாணைக்காரரிடம் கொடுத்துவிடலாமே என்று நீங்கள் கேட்கலாம். என் குற்றம் என்று மேலே சொன்னேனே, அது இதுதான். ஓய்வு பெற்ற மறு வருடம், 2009. தெருவில் சைக்கிளை ஸ்டாண்டு போட்டு, பெடலை மிதித்தால் பெல்ட் வழியாகக் கல் சுற்றுகிற மாதிரி வைத்துக்கொண்டு ஒருவர் வந்தார். “கத்தி, கத்தரிக்கோல் சாணேய்...” என்ற குரல். அருவாமணையைக் கொடுத்தோம், பிரமாதமாகப் பிடித்தார். அந்த உற்சாகத்தில் பேனாக்கத்தியையும் நீட்டினேன். அவர் மேல் தப்பில்லை. அருவாமணைக்குப் பிடிப்பதுபோலவே இதற்கும் பிடித்தார். தீப்பொறி பறந்தது. நான் வேடிக்கை பார்த்தேன், விஞ்ஞானம் படித்தவன் வேடிக்கை பார்த்தேன். திருப்பிக் கொடுக்கும்போது விளிம்பு ஓரமெல்லாம் நீலம் பாரித்திருந்தது.

எஃகைச் சூடாக்கினால் நிறம் மாறும். சுமார் 230 டிகிரியில் வைக்கோல் மஞ்சள், 300 டிகிரியை நெருங்கும்போது நீலம். பதம் போட்ட எஃகு அந்தச் சூட்டில் இளகிவிடும். பிறகு எவ்வளவு தீட்டினாலும் கூர் நிற்காது, இரண்டு நாளில் மடங்கிவிடும். ஒரே வழி, நீலம் பட்ட பகுதியை முழுக்கத் தேய்த்துக் கழிப்பது. ஒரு மாதம் உட்கார்ந்து, கல்லில், தண்ணீர் விட்டு விட்டுத் தேய்த்தேன். குறைந்தது இரண்டு மில்லிமீட்டர் போயிருக்கும். அப்பாவும் நானுமாக ஐம்பது வருடம் செலவழித்த அளவு கிட்டத்தட்ட அந்த ஒரு வருடத்தில் போயிற்று. இன்னொரு முறை சக்கரத்துக்குக் கொடுக்க அதில் உடம்பு இல்லை.

தையல்காரர்களும் கறிகாய்க்காரர்களும் சாணைக்காரர்களை நம்பித்தான் பிழைக்கிறார்கள், அது சரிதான். தி.நகரில் துணிக்கடைகளைச் சுற்றி இருக்கிற அத்தனை கத்தரிக்கோலையும் கல்லில் வைத்துத் தேய்க்க யாருக்கு நேரம்? கனமான அலகுக்குச் சக்கரம், மெல்லிசான சின்ன அலகுக்குக் கல், அதுவும் ஈரக்கல். இதைத் தெரிந்துகொள்ள எனக்கு இரண்டு மில்லிமீட்டர் ஆயிற்று.

கல்லைப் பற்றி ஒன்று சொல்லாமல் போனால் நான் வாத்தியாரே இல்லை. அந்தக் காலத்துச் சாணை, குருந்தக்கல் பொடியை அரக்கில் குழைத்துச் செய்தது. இந்தக் ‘குருந்தம்’ என்ற நம் சொல்தான் ஆங்கிலத்தில் ‘கொரண்டம்’ ஆயிற்று. 1890-களின் தொடக்கத்தில் எட்வர்ட் அச்சிசன் என்ற அமெரிக்கர் செயற்கை வைரம் செய்யப் போய், அதற்குப் பதில் ஒரு கடினமான பொருளைக் கண்டுபிடித்தார். கார்பனும் கொரண்டமும் சேர்ந்தது என்று நினைத்து ‘கார்போரண்டம்’ என்று பெயர் வைத்தார். உண்மையில் அதில் இருந்தது கார்பனும் சிலிக்கானும். ஆளுக்குக் கணக்குத் தவறினாலும் பெயர் நின்றுவிட்டது. ஆக, என் வீட்டுச் சாணைக்கல்லின் பெயரில் பாதி தமிழ். 1954-இல் தொடங்கிய கார்போரண்டம் யுனிவர்சலின் ஆலை நம் திருவொற்றியூரிலேயே இருக்கிறது. எஃகிலும் நமக்குப் பங்குண்டு. ஈரோடு மாவட்டம் கொடுமணலில் அகழ்ந்தபோது இரும்பு, எஃகு உருக்கிய உலைகளின் தடயம் கிடைத்தது. ‘வூட்ஸ்’ என்று ஆங்கிலேயர் எழுதிய தென்னிந்திய எஃகை லண்டனில் ஆராய்ந்தவர்களில் ஒருவர் மைக்கேல் ஃபாரடே. அவருடன் சேர்ந்து 1820-இல் கட்டுரை எழுதிய ஜேம்ஸ் ஸ்டோடார்ட் யார் தெரியுமா? கத்தி செய்கிறவர்.

சரி, கதைக்கு வருகிறேன். சித்திரை பிறந்து இரண்டாம் ஞாயிறு, 29சி பிடித்து அடையாறு போனேன். மகள் காந்தி நகரில் இருக்கிறாள். காபி கொடுத்தாள், முக்கால் டம்ளர். “கத்தியைக் கொடும்மா” என்றேன்.

“எதுக்குப்பா? உங்களால தீட்ட முடியாது. தீட்டாம வெச்சுக்கிட்டா கையை வெட்டிப்பீங்க.”

உண்மையை இவ்வளவு சுருக்கமாக யாரும் எனக்குச் சொன்னதில்லை. பதில் இல்லாமல் காபியைக் குடித்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் பேத்தி அறையிலிருந்து, “தாத்தா, நான் தீட்டட்டுமா?” என்றாள். ஒன்பதாம் வகுப்பு போகப்போகிறவள்.

“சும்மா இரு” என்றாள் மகள்.

“ரெண்டாம் கிளாஸ்ல உனக்கு அந்தக் கத்தியிலதானே பென்சில் சீவக் கத்துக்கொடுத்தேன்” என்றேன். மகள் கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாள். பிறகு உள்ளே போய்த் துணிப்பொட்டலத்தை எடுத்துவந்தாள். “நானும் வருவேன். பக்கத்துலதான் உட்காருவேன்” என்றாள்.

அன்று மாலையே மூன்று பேருமாக மயிலாப்பூர் வந்தோம். பால்கனியில் ஈரத்துணியை விரித்து அதன்மேல் கல்லை வைத்தேன், நகராமல் இருக்க. என் கை கல்லைத் தொடக்கூடாது, வாய் மட்டும் பேசலாம் என்பது மகள் போட்ட விதி. கோணத்துக்கு ஒரு வழி சொன்னேன். இரண்டு ஒரு ரூபாய் நாணயங்களை அடுக்கினால் சுமார் மூன்று மில்லிமீட்டர். அலகின் முதுகை அந்த உயரத்துக்குத் தூக்கு. எட்டு மில்லிமீட்டர் அகலத்துக்கு மூன்று உயரம் என்றால் 22 டிகிரி வரும். (சைன் மறக்காதவர்கள் போட்டுப் பாருங்கள்.) நாணயம் கோணத்தைப் பார்த்துக்கொள்ள மட்டும், தேய்க்கும்போது எடுத்துவிட வேண்டும்.

அவள் இரண்டு இழுப்பு இழுத்தாள். நிறுத்தினாள். எழுந்து போய் ஒரு மார்க்கர் பேனா எடுத்துவந்து, விளிம்பு முழுக்கக் கறுப்பு பூசினாள். “இப்ப தேய்ச்சா, எந்த இடத்துல கறுப்பு போகுதோ அங்கதான் கல்லு படுதுன்னு தெரியும்ல தாத்தா?” முப்பத்தைந்து வருடம் வாத்தியார் வேலை பார்த்திருக்கிறேன், நாற்பத்தைந்து வருடம் இந்தக் கத்தியைத் தீட்டியிருக்கிறேன், இது எனக்குத் தோன்றவில்லை. முதலில் முதுகுப் பக்கமே கறுப்பு போனது. இன்னும் கொஞ்சம் தூக்கினாள். அப்புறம் சரியாக விளிம்பில்.

ஒரு பக்கமாகவே தேய்த்துக்கொண்டு போனால், மறுபக்கத்தில் விரல் வைத்துத் தடவும்போது மெல்லிய பிசிறு ஒன்று தட்டும். குறுக்கேதான் தடவ வேண்டும், நீளவாக்கில் தடவினால் அடுத்த மூன்று தையல். பிசிறு அடியிலிருந்து நுனிவரை வந்தால் அந்தப் பக்கம் முடிந்தது, திருப்பிக்கொள்ளலாம். இரண்டு பக்கமும் வந்தபின் நயமான கல்லில், அழுத்தாமல், மாற்றி மாற்றி. சத்தம் ஒழுங்காக வந்தது. கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். அப்பா தீட்டும்போது கேட்கிற அதே இடைவெளி இல்லை, இவள் வேகம் அதிகம். பரவாயில்லை.

பெல்ட்டில் நாலு இழுப்பு இழுத்து முடிக்கலாம் என்றபோது, உள்ளேயிருந்து வீட்டம்மா கைத்தடியை ஊன்றிக்கொண்டு வந்தாள். இன்னொரு கையில் காலி ஊறுகாய் ஜாடி. அதைக் கவிழ்த்து வைத்தாள். “பீங்கானுக்கு அடியில மெருகு இருக்காது, சொரசொரன்னு ஒரு வளையம் இருக்கும் பாரு. அதுல மெதுவா ரெண்டு பக்கமும் அஞ்சு அஞ்சு தடவை இழு. பிசிறு போயிடும்.”

“இது உனக்கு எப்படித் தெரியும்?” என்றேன்.

“அடுப்படிக் கத்தியெல்லாம் யார் தீட்டினதுன்னு நினைச்சீங்க இத்தனை வருஷம்?”

நான் நினைத்ததே இல்லை. அதுதான் உண்மை. என் ஒரு கத்திக்கு நோட்டு, கோடு, பூஜை என்று ஊரைக் கூட்டியவன், சமையலறையில் நாலு கத்தி எப்படி எப்போதும் வெட்டிக்கொண்டே இருக்கின்றன என்று ஒரு நாளும் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவளே, “ஆயுதபூஜைக்கு நீங்க தீட்டலைன்னு எனக்குத் தெரியும். சத்தமே வரலையே” என்றாள். மகள் என்னைப் பார்த்தாள். நான் ஜாடியைப் பார்த்தேன்.

விளக்குக்கு நேரே பிடித்தோம். நுனியில், அந்த 1991-ஆம் வருடத்து உடைசலுக்குப் பக்கத்தில், துளி மின்னியது. அந்த இடத்தை மட்டும் பேத்தி இன்னும் நாலு இழுப்பு இழுத்தாள். பிறகு ஒன்றுமில்லை. பென்சிலில் வைத்ததும் சீவல் சுருண்டு விழுந்தது.

வரவு செலவு நோட்டை எடுத்து அப்பாவின் கோடுகளுக்குள்ளே மூன்றாவதாக ஒரு கோடு அவளே போட்டாள், அந்தப் பென்சிலாலேயே. ஸ்கேல் வைத்து அளந்தாள். எட்டு. தேய்ந்தது ஸ்கேலில் தெரிகிற அளவு இல்லை. தேதியும் போட்டாள். கத்தி இப்போது மயிலாப்பூரில்தான் இருக்கிறது. மாதம் ஒரு ஞாயிறு அவள் வந்து பார்ப்பது, மின்னினால் தீட்டுவது என்று பேசிக்கொண்டிருக்கிறோம். ஆயுதபூஜைவரை காத்திருப்பதில்லை. அப்பா சம்மதிப்பாரா தெரியவில்லை. பிழை திருத்துகிறவர்தானே, சம்மதிப்பார்.

மாங்காயை அன்றைக்கு மகள்தான் சீவினாள். உப்பு, மிளகாய்த்தூள். வீட்டம்மா முதல் துண்டை வாயில் போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. மூன்று பேரும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

“இன்னும் கொஞ்சம் மெல்லிசா” என்றாள்.

காயம் நன்றாக ஆறிவிட்டது.